குதிரையின் தைராய்டு அறிக்கையை எப்படிப் படிப்பது

சென்னையில் குதிரை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான்; அந்தச் சிலரின் வீடுகளிலும் தைராய்டு மாத்திரை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காப்பி, சில மாதங்களுக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் பரிசோதனை என்பது இங்கே பல குடும்பங்களின் அன்றாடம் ஆகிவிட்டது. ஆகவே லாயத்தில் நிற்கும் குதிரை தீனியைக் குறைத்த பிறகும் உடல் பெருத்து, பிடரி தடித்து, நடையில் சுணக்கம் காட்டினால், அதை வைத்திருப்பவருக்கு முதலில் தோன்றுவது தைராய்டுதான். நமக்கு வருவது குதிரைக்கு வராதா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் வளர்ந்த குதிரைக்குத் தைராய்டு உண்மையிலேயே சுரக்காமல் போவது மிக அரிது. அறிக்கையில் எண் குறைந்திருப்பதோ சர்வசாதாரணம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மனிதர்களுக்கான மருத்துவ ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்ப்பவன். கால்நடை மருத்துவன் அல்லன். எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த அக்கா ஒருவர் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கானத்தூரைத் தாண்டி, சிறிய லாயம் ஒன்றை நடத்துகிறார். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளும் மார்வாரி இனக் குதிரை ஒன்றும் அங்கே நிற்கின்றன. அவர் ஒருநாள் இரவு ஒரு அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். காயடித்த ஆண் குதிரை ஒன்றின் இரத்தம் ஏதோ ஒரு ஆய்வகத்துக்குப் போய், மனிதர்களின் வரிசையிலேயே ஓடி, மனிதர்களின் படிவத்திலேயே அச்சாகி வந்திருந்தது. தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 இரண்டில் மொத்த டி4 ஒரு டெசிலிட்டருக்கு 1.7 மைக்ரோகிராம், டி3 52 நானோகிராம், டிஎஸ்ஹெச் கருவியின் கீழெல்லைக்கும் கீழே. மூன்றுக்கும் பக்கத்தில் குறைவு என்ற குறி தடித்த எழுத்தில் விழுந்திருந்தது. “தம்பி, மூணுமே கொறைச்சலா இருக்கே, என் மாத்திரையையே ரெண்டு கொள்ளுல கலந்து குடுத்துடலாமா?” என்று கேட்டார்.

அந்த மூன்று எண்களில் முதல் இரண்டும் குதிரைக்கு முற்றிலும் இயல்பானவை. மனிதரின் இரத்தத்தில் மொத்த டி4 டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கும். வளர்ந்த குதிரையின் இரத்தத்தில் அது பொதுவாக 1 முதல் 3 வரைதான். டி3யும் அப்படியே: மனிதருக்கு 80 முதல் 200 நானோகிராம் என்று அச்சிடும் படிவத்தில், 30க்கும் 80க்கும் இடையில் ஊசலாடும் குதிரையின் அளவு எப்போது பார்த்தாலும் குறைவாகத்தான் தெரியும். கருவி பொய் சொல்லவில்லை. அது அளந்த 1.7 பெரும்பாலும் சரியான 1.7தான். அந்த எண்ணை எந்த வரம்போடு ஒப்பிடுவது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. மென்பொருளுக்குத் தெரிந்த உயிரினம் மனிதர் மட்டுமே. வயது, பால் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிட்டால் அது திருப்தியடைந்துவிடும். அந்தக் குதிரை எட்டு வயதுச் சிறுவனாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு நானும் அக்காவும் சிரித்தோம்.

டிஎஸ்ஹெச்சின் கதை வேறு. அங்கே எண்ணே பொருளற்றது. டிஎஸ்ஹெச் என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சோர்ந்தால் கட்டளை உரக்கும் என்பதால்தான் மனித மருத்துவத்தில் முதலில் டிஎஸ்ஹெச்சைப் பார்க்கிறோம். அதை அளக்கும் மனிதக் கிட்டில், அதாவது மனிதர்களுக்கென்று தயாரித்த சோதனைத் தொகுப்பில், மனித டிஎஸ்ஹெச்சின் குறிப்பிட்ட பகுதிகளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் இருக்கின்றன. குதிரையின் டிஎஸ்ஹெச் அமைப்பில் வேறுபட்டது. அந்த எதிர்ப்புரதங்களுக்கு அது சரியாகச் சிக்குவதில்லை. எனவே குதிரையின் சீரத்தை ஊற்றினால், கருவி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றே சொல்லும். குதிரையின் டிஎஸ்ஹெச்சுக்கென்றே உருவாக்கிய சோதனைகள் ஆராய்ச்சிக் கூடங்களில் உண்டு. தெருமுனை ஆய்வகத்தில் கிடைப்பவை அல்ல. இதில் அபாயம் என்னவென்றால், டி4 குறைவாகவும் டிஎஸ்ஹெச்சும் குறைவாகவும் உள்ள அறிக்கையை மனித மருத்துவம் மட்டும் தெரிந்த ஒருவர் படித்தால், பிட்யூட்டரியே பழுது என்ற பெரிய முடிவுக்குத் தாவிவிடலாம். டி4, டி3 இரண்டும் எல்லா உயிரினங்களிலும் ஒரே வேதிப்பொருள்கள். ஆகவே அவற்றை மனிதக் கிட்டால் ஓரளவு அளக்க முடிகிறது. டிஎஸ்ஹெச்சுக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, வரம்பைத் திருத்திவிட்டால் போதுமா? போதாது. அதே குதிரையின் டி4 அடுத்த முறை 0.7 என்று வந்தால், குதிரைக்கான வரம்பின்படியே அது குறைவுதான். அப்போதும் தைராய்டு பழுது என்று சொல்லிவிட முடியாது.

குதிரையின் தைராய்டு, குரல்வளைக்குச் சற்றுப் பின்னால், மூச்சுக்குழாயின் இருபுறமும் இரண்டு மடல்களாக அமைந்திருக்கிறது. இரண்டையும் மெல்லிய நார்ப்பட்டை ஒன்று இணைக்கிறது. அக்காவின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பாய் அதை எனக்குத் தொட்டுக் காட்டினார். குதிரையின் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தாடைக்குப் பின்னே மூச்சுக்குழாயின் பக்கவாட்டில் விரல்களை மெதுவாக அழுத்தினால், வழவழப்பான, உருண்டு நழுவும் ஒன்று கைக்குத் தட்டுப்படும். பாய் தம் வாழ்நாளில் பாதியை மெரினா மணலிலும் மீதியைக் கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயங்களிலும் கழித்தவர். “கெழட்டுக் குதிரைக்கு ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கும் சார், அதுக்கு ஒண்ணும் பண்ணாது” என்றார். புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. வயதான குதிரைகளில் ஒரு பக்க மடலில் தீங்கற்ற கட்டி வளர்வது சாதாரணம். அது பொதுவாகச் சுரப்பைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. கழுத்தில் ஒரு வீக்கம் தெரிகிறது என்பதற்காக மட்டும் டி4 பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இயல்பான அளவே விடையாக வரும்.

சுரப்பி வெளியிடுவதில் பெரும்பகுதி டி4. அது இரத்தத்தில் கலந்தவுடன் 99 விழுக்காட்டுக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் மிதக்கும் மிகச் சிறு பகுதியே திசுக்களுக்குள் நுழைகிறது. திசுக்களில் ஓர் அயோடின் அணுவை இழந்து டி3 ஆகிறது. உண்மையில் வேலை செய்வது அந்த டி3. மொத்த டி4 என்று நாம் அளப்பது ஒட்டியதையும் ஒட்டாததையும் சேர்த்த கூட்டுத்தொகை. சுரப்பி நன்றாக இருந்தும் அந்தத் தொகை குறைவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: புரதங்களில் இருந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளலாம், டி3யாக மாறும் வேகம் மாறலாம், அல்லது உடல் நோயிலோ பட்டினியிலோ தன் செலவைச் சுருக்கிக்கொள்வதற்காகக் கட்டளையையே தணிக்கலாம். மிதக்கும் டி4ஐ மட்டும் சமநிலை டயாலிசிஸ் முறையில் பிரித்து அளந்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். அந்த முறையோ எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை, மலிவானதும் அல்ல.

இந்த இடத்தில்தான் லாயத்தின் மருந்துப் பெட்டி வருகிறது. குதிரை நொண்டினால், குளம்பில் வலி என்றால், உலகெங்கும் முதலில் கைக்கு வருவது ஃபினைல்பியூட்டசோன். லாயங்களில் அதை பியூட் என்றே சொல்வார்கள். இந்த வலிமருந்தை ஒரு வாரம் கொடுத்தாலே டி4 அளவு வெகுவாக இறங்கிவிடும் என்பதும், நிறுத்திய பிறகும் ஏறத்தாழப் பத்து நாட்கள் வரை அது மீளாதிருக்கலாம் என்பதும் சோதித்து அறிந்தவை. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் குறைக்கும். தீவனமும் அப்படியே: மிகுந்த ஆற்றல் தரும் தீவனம், புரதம் மிகுந்த தீவனம், செம்பும் துத்தநாகமும் மிகுந்த கலவைகள் எல்லாமே இந்த எண்ணை அசைப்பவை. மறுபக்கம், வயிற்றுவலி வந்து இரண்டு மூன்று நாட்கள் தீனி எடுக்காத குதிரைக்கு முதலில் டி3 இறங்கும், பிறகு டி4 இறங்கும். கடும் பயிற்சியில் இருக்கும் குதிரைக்கும் எண் மாறும். நேரத்துக்கும் இதில் பங்குண்டு. டி4 பிற்பகல் நான்கு மணி வாக்கில் உச்சத்திலும் விடியற்காலையில் தாழ்விலும் இருக்கும். சென்னையில் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் விடிவதற்குள்ளேயே ஊசி போட்டு இரத்தம் எடுத்துவிடுகிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குளம்பின் உட்புறத் தகடுகள் வீங்கிக் குதிரை நடக்க முடியாமல் போகும் லேமினைட்டிஸ் நோயை எடுத்துக்கொள்வோம். வலி தாங்காத குதிரைக்கு பியூட் கொடுக்கிறார்கள். வலியால் அது தீனியைக் குறைக்கிறது. நோயின் தாக்கமே தைராய்டு ஹார்மோனைக் குறைக்கலாம். ஒரு வாரம் கழித்து யாரோ இரத்தத்தை எடுத்து டி4 பார்க்கிறார்கள். எண் தரையில் கிடக்கிறது. அங்கிருந்து, தைராய்டு குறைந்ததால்தான் குளம்பு கெட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விளைவைக் காரணமாக்கும் இந்தத் தலைகீழ் வாசிப்புதான் பல பத்தாண்டுகள் மேலைநாட்டுக் குதிரை மருத்துவத்தையே ஆண்டது. பெருத்த பிடரி, எளிதில் இளைக்காத உடல், திரும்பத் திரும்ப வரும் குளம்பு நோய் ஆகிய மூன்றும் சேர்ந்த குதிரைக்குத் தைராய்டு குறைவு என்றே பெயரிட்டு வந்தார்கள்.

அந்தப் பெயரை அசைத்தது, உண்மையிலேயே தைராய்டு இல்லாத குதிரை எப்படி இருக்கும் என்ற நேரடியான கேள்வி. 1970களில் அமெரிக்காவில் அறுவை மூலம் தைராய்டை முழுவதும் நீக்கிய குதிரைகளைக் கவனித்தார்கள். அவற்றுக்குக் குளிர் தாங்கவில்லை, உடல் வெப்பநிலை குறைந்தது, ரோமம் மங்கிக் கரடுமுரடானது, பின்னங்கால்களில் நீர் கோத்தது, இளங்குதிரைகளின் வளர்ச்சி தடைப்பட்டது, சோம்பல் மிகுந்தது. பின்னாளில் இதேபோன்ற குதிரைகளில் இதயத்துடிப்பு குறைவதையும், கொழுப்பின் அளவு இரத்தத்தில் உயர்வதையும் அளந்தார்கள். ஆனால் அவை குண்டாகவில்லை. பிடரி தடிக்கவில்லை. லேமினைட்டிஸ் வரவில்லை. குண்டுக் குதிரையின் குற்றப்பத்திரிகையிலிருந்து தைராய்டின் பெயர் அன்றே நீங்கியிருக்க வேண்டும். ஆனால் மருத்துவத்தில் பழைய பெயர்களுக்கு ஆயுசு கெட்டி. 2002இல்தான் இதே உருவத்துக்குக் குதிரை வளர்சிதைமாற்றக் கோளாறு என்ற வேறு பெயர் முன்மொழியப்பட்டது. அதன் மையத்தில் தைராய்டு இல்லை, இன்சுலின் இருக்கிறது: தீனியிலுள்ள மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் அளவுக்கு மீறி இன்சுலின் சுரந்து, அந்த மிகுந்த இன்சுலினே குளம்பின் தகடுகளைச் சிதைக்கிறது.

அக்காவின் குதிரைக்குக் குளம்பில் வலி இருந்ததா என்று கேட்டேன். லாடம் அடிப்பவர் வந்துபோனதிலிருந்து கல் தரையில் தயங்கி நடக்கிறது என்றார். மருந்து ஏதும் கொடுத்தார்களா என்று பாயிடம் கேட்டதற்கு, “பியூட்தான் சார், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு” என்று உடனே பதில் வந்தது. ஆய்வகத்துக்குப் போன படிவத்தில் அதைக் குறிப்பிடும் கட்டம் இல்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நான் ஏற்கனவே சொன்னபடி 1.7 குறைவே அல்ல. பியூட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அளவு நிற்கிறது என்றால் அந்தச் சுரப்பி நன்றாகவே உழைக்கிறது என்றுதான் நான் படித்தேன். அந்த வாசிப்பை ஒரு கால்நடை மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று அவரை வேப்பேரிக்கு அனுப்பினேன். 1903 முதல் அங்கே இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, குதிரை வைத்திருக்கும் எளியவர்களுக்கும் எட்டும் இடம்.

உண்மையிலேயே சந்தேகம் தீர வேண்டுமென்றால் சுரப்பியைச் சீண்டிப் பார்ப்பதுதான் வழி. சும்மா இருக்கும்போது எடுத்த ஓர் அளவு எதையும் நிரூபிக்காது. தூண்டியபோது எழுந்து வேலை செய்கிறதா என்பதே கேள்வி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிக்கு அனுப்பும் டிஆர்ஹெச் என்ற ஹார்மோனை, வளர்ந்த குதிரைக்கு 1 மில்லிகிராம், மட்டக்குதிரைக்கு அதில் பாதி, கழுத்துச் சிரையில் செலுத்துகிறார்கள். செலுத்துவதற்கு முன் ஒருமுறை இரத்தம், இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை. நலமான குதிரைக்கு டி3 இரண்டு மணி நேரத்திலும், டி4 நான்கு மணி நேரத்திலும் ஏறத்தாழ இரு மடங்காகும். ஊசி போன சில நிமிடங்களில் குதிரை கொட்டாவி விடும், மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும், இருமும், நாக்கைச் சப்புக்கொட்டும், சில நேரம் இலேசாக நடுங்கும். சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். முதல்முறை பார்ப்பவர் பதறிப்போவார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மருந்துத் தர டிஆர்ஹெச் எளிதில் வாங்கக்கூடியது அல்ல. அதனால் இந்தச் சோதனை புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு லாயங்களில் நடப்பதில்லை.

இதே டிஆர்ஹெச்சுக்கு வேறொரு பயனும் இருக்கிறது. நடைமுறையில் அதுதான் இன்று பெரியது. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைக்கு ரோமம் நீண்டு சுருண்டு உதிராமல் நிற்பது, முதுகுத் தசை கரைவது, தண்ணீர் மிகுதியாகக் குடிப்பது ஆகியவை தெரிந்தால், பிட்யூட்டரியின் நடுப்பகுதி கட்டுப்பாடு இழந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கும் டிஆர்ஹெச்தான் செலுத்துகிறார்கள். ஆனால் அளப்பது பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான ஏசிடிஹெச்சை, அதுவும் மிகச் சரியாகப் பத்தாவது நிமிடத்தில். இந்த ஏசிடிஹெச்சைக் கையாள்வது ஆய்வகக்காரனின் பொறுமையைச் சோதிக்கும் வேலை. டி4 ஒரு பரம சாது; சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, சீரத்தைப் பிரித்து, சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்தால் பேசாமல் இருக்கும். ஏசிடிஹெச் அப்படியல்ல. ஊதா மூடிக் குழாயில் எடுத்து, எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைத்து, விரைவில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் சிதைந்துவிடும். கானத்தூரிலிருந்து நகருக்குள் வருவதற்குள் திருவான்மியூர் சிக்னலிலேயே பாதி ஹார்மோன் போய்விடும் என்று நான் அக்காவிடம் மிகைப்படுத்திச் சொன்னேன். சித்திரை மாதத்தில் அது அவ்வளவு பெரிய மிகையும் அல்ல.

சித்திரை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னைக் குதிரைகளைப் பொறுத்தவரை தைராய்டின் மேல் அதிகமாகச் சுமத்தப்படும் பழி இதுதான். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது நின்றுவிடும். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாடுகளுக்குப் படைக்காகவும் பந்தயத்துக்காகவும் கொண்டுவரப்பட்ட ஆங்கிலக் குதிரைகளில் பிரிட்டிஷ் காலத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். உள்ளூரில் பிறந்த குதிரைகளுக்கும் வருவதுண்டு. குதிரை தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வியர்வையால்தான் வெளியேற்றுகிறது. அது நின்றால், கத்திரி வெயிலில் ஒரு சுற்று நடந்து வந்த குதிரை மூக்குத் துளைகள் விரிய இரைத்துக்கொண்டே நிற்கும். மேல்தோல் உலர்ந்து செதில் உதிரும். நெற்றியில் ரோமம் கொட்டும். பிடரி மயிருக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பாய் அப்படி வியர்ப்பு நின்ற குதிரை ஒன்றின் சேணத்துணியைக் கழற்றி எனக்குக் காட்டினார். பக்கத்துக் குதிரையின் துணியைப் பிழிந்தால் சொட்டும் என்ற நிலையில், இதன் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

இந்தக் குதிரைகள் மந்தமாக இருப்பதாலும் தோல் வறண்டு போவதாலும் இதையும் தைராய்டு குறைவு என்று எண்ணி, அயோடின் சேர்த்த கேசீன் என்ற பால் புரதமும் தைராக்சினும் (டி4இன் முழுப்பெயர் அதுதான்) கொடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. வியர்க்காத குதிரைகளின் டி4, டி3 அளவுகளை வியர்க்கும் குதிரைகளோடு ஒப்பிட்டபோது அவை இயல்பாகவே இருந்தன. கோளாறு வியர்வைச் சுரப்பியில்தான். அதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையே வேண்டாம். வியர்வையைத் தூண்டும் டெர்பூட்டலின் அல்லது சால்பூட்டமால் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கழுத்துத் தோலுக்குள் வரிசையாகச் சிறு ஊசிகளாகப் போட்டு, எந்த இடத்தில் வியர்வை முத்து அரும்புகிறது என்று பார்த்தாலே போதும். நலமான குதிரைக்கு மிகவும் நீர்த்த ஊசியிலும் சில நிமிடங்களில் ரோமம் நனையும். வியர்க்காத குதிரைக்குத் தைராக்சின் கொடுப்பது என் பார்வையில் வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அந்த ஹார்மோன் உடலுக்குள் வெப்பத்தைப் பெருக்குவது. வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாத குதிரைக்கு அதைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மின்விசிறி, நிழல், உப்பு, தண்ணீரை அடித்து ஊற்றுவது, விடிவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது ஆகியவைதான் கைகொடுக்கும். அதற்கும் மசியாத குதிரையை உதகைக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிடுவதைத் தவிர வேறு நல்ல மருந்து இல்லை.

உண்மையான தைராய்டு குறைவைப் பார்க்க வேண்டுமென்றால் குட்டிகளிடம்தான் போக வேண்டும். பிறந்த குட்டியின் டி4 அளவு வளர்ந்த குதிரையினுடையதைப் போலப் பல மடங்கு இருக்கும். வாரக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். ஆகவே குட்டிக்கு 3 என்று வந்தால், பெரிய குதிரையின் வரம்பைப் பார்த்து மகிழக் கூடாது. அது கவலைப்பட வேண்டிய எண்ணாக இருக்கலாம். மேற்குக் கனடாவில் கருக்காலம் நீண்டும் முற்றாத எலும்புகளோடும், கீழ்த்தாடை முன்தள்ளியும் பிறக்கும் குட்டிகளில் தைராய்டு குறைவு ஒரு நோயாகவே அறியப்பட்டிருக்கிறது. சினைக்குதிரைகளின் தீவனத்தில் நைட்ரேட் மிகுந்திருந்ததோடும், தாது உப்புகள் தரப்படாததோடும் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அயோடின் குறைந்தாலும் குட்டிக்குக் கழுத்துக்கழலை வரும், மிகுந்தாலும் வரும். கடற்பாசி கலந்த ஊட்டத்தை அளவின்றித் தின்ற தாய்க்குதிரை தான் நலமாக இருந்துகொண்டே கழலையோடு குட்டி போட்டிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவின் கடற்பாசியும் இப்போது இயற்கை ஊட்டம் என்ற பெயரில் கால்நடைத் தீவனத்துக்குள் வருகிறது. சினைக்குதிரை வைத்திருப்பவர்கள் பொட்டலத்தைத் திருப்பி அயோடினின் அளவு போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி அக்காவின் இரண்டு மாத்திரைகள். அவர் சாப்பிடுவது 100 மைக்ரோகிராம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு, உண்மையிலேயே தைராய்டு இல்லை என்றால், ஈடுசெய்யத் தேவைப்படும் லீவோதைராக்சின் (அந்த மாத்திரையில் உள்ள மருந்து) நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம். அதாவது அவருடைய மாத்திரையில் நூறு. இரண்டு மாத்திரையைக் கொள்ளில் கலந்தால் குதிரைக்குக் கொள்ளு கிடைக்கும், அவ்வளவுதான். குண்டுக் குதிரையை இளைக்க வைப்பதற்காக, தைராய்டு நன்றாக இருக்கும்போதே, சில மாதங்களுக்கு நாளுக்கு 48 மில்லிகிராம் வரை கொடுக்கும் சிகிச்சை முறை ஒன்று மேலைநாடுகளில் உண்டு. அது மாத்திரைக் கணக்கில் நானூற்றெண்பது. அங்கே அந்த மருந்து வேலை செய்வது வளர்சிதைமாற்றத்தை முடுக்கி எடையைக் குறைப்பதற்காக. தைராய்டுக் குறையைத் தீர்ப்பதற்காக அல்ல. தீனிக் கட்டுப்பாடு இல்லாமல் அதைக் கொடுத்தால் குதிரைக்குப் பசிதான் கூடும். நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதற்குள் பிட்யூட்டரி தன் கட்டளையை அடக்கிக்கொண்டிருக்கும். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது டி4 பார்ப்பது நாம் ஊற்றிய தண்ணீரை நாமே அளப்பதற்குச் சமம்.

இந்த மருந்தைச் சோதிக்காமலே எல்லாக் குதிரைக்கும் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பது 2013இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. ஒரே பயிற்சியாளரின் லாயத்தைச் சேர்ந்த ஏழு குதிரைகள் சுமார் ஒன்றரை ஆண்டுக்குள் திடீரென்று இறந்துபோனதை அந்த மாநிலத்தின் குதிரைப்பந்தய வாரியம் விசாரித்தபோது, அந்த லாயத்தின் குதிரைகள் எல்லாவற்றுக்குமே தைராக்சின் கொடுக்கப்பட்டு வந்தது தெரியவந்தது. மரணங்களுக்கு மருந்துதான் காரணம் என்று விசாரணை நிறுவவில்லை; அதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆனால் பந்தயத்துக்குப் பயிற்சி பெறும், கொழுப்பில்லாத, இளங்குதிரைகளுக்கு வளர்சிதைமாற்றத்தை முடுக்கும் ஹார்மோனை எதற்காகத் தர வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பந்தய உலகில் உரக்க எழுந்தது. கட்டுப்பாடுகளும் வந்தன.

வேப்பேரியில் பார்த்த மருத்துவர் தைராய்டை மறுபடி சோதிக்கவே சொல்லவில்லை. பிடரியைப் பிடித்து அதன் கெட்டித்தன்மையைப் பார்த்தார். விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். குளம்பின் சுவரில் ஓடும் வளையங்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அகன்றிருப்பதை அக்காவுக்குக் காட்டினார். அது பல மாதங்களாகவே குளம்பு நோகிறது என்பதன் தடயம். அடுத்து எடுத்தது இன்சுலின். அதிலும் ஆய்வகச் சிக்கல் உண்டு: குதிரையின் இன்சுலின் மனித இன்சுலினோடு இரண்டு அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது என்றாலும், எல்லா மனிதக் கிட்டுகளும் அதைச் சமமாக அளப்பதில்லை. குதிரையின் மாதிரியில் சரிபார்த்த கிட் வைத்திருக்கும் ஆய்வகத்தைத் தேடித்தான் அனுப்ப வேண்டும். தானியம் கொடுக்காமல், முந்திய இரவு கொஞ்சம் காய்ந்த புல் மட்டும் கொடுத்து, காலையில் அளவிட்ட குளுக்கோஸைத் தவிட்டில் பிசைந்து தின்ன வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். இன்சுலின் வானத்தில் நின்றது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தீவனத் தொட்டியில்தான். கொள்ளும் கோதுமைத் தவிடும் வெல்ல உருண்டையும் நின்றன. வெல்ல உருண்டையை நிறுத்துவதற்கு அக்காவின் மாமியாரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. காய்ந்த புல்லை எடை போட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையை வடித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். குதிரைமசாலும் குறைந்தது. குளம்பின் நுனியைக் குறைத்துச் செதுக்க லாடக்காரருக்கு மருத்துவர் படம் வரைந்து கொடுத்தார். வலி தணிந்த பிறகு நடை தொடங்கியது, மணலில் மட்டும். அண்மையில் அக்கா தொலைபேசியில் அழைத்து, இனி அந்தத் தைராய்டை ஒருமுறை பார்த்துவிடலாமா, மனசு கேட்கவில்லை என்றார். பார்க்க வேண்டாம், அந்தப் பணத்தை எடுத்துவையுங்கள், மூன்று மாதம் கழித்து இன்சுலினை இன்னொரு முறை பார்க்க உதவும் என்றேன். படிவத்தில் இந்தமுறை உயிரினம் குதிரை என்றும், கடைசியாக பியூட் கொடுத்த தேதியையும், கடைசியாகத் தீனி வைத்த நேரத்தையும் பாய் கையால் எழுதி அனுப்பப்போகிறார்.